கம்பளிப் பின்னலாடையும் சலவைத் தூளும்

பருத்தியும் கம்பளியும் ஒரே தொட்டியில் தோய்க்கப்படினும் அவை ஒரே இனத்தன அல்ல. பருத்தியிழை தாவரத்தின் செலுலோசால் ஆயது. கம்பளியோ ஆட்டின் உரோமம், கெரற்றின் என்னும் புரதத்தால் ஆயது. நகமும் கொம்பும் அப்புரதத்தின் வகைகளே. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டுக்கும் ஒரே தூளை இடுவதனாலேயே பின்னலாடைகள் பல தம் காலத்துக்கு முன்னரே கெடுகின்றன.

கம்பளி சுருங்குதற்குப் பலரும் வெந்நீரையே காரணமாகக் கூறுவர். அது முழுதும் பொருந்தாது. நுணுக்குக்காட்டியில் நோக்கின், ஒவ்வோர் இழையும் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேலொன்று படிந்த செதில்களால் மூடப்பட்டிருத்தல் புலனாகும். ஈரமான ஆடையைக் கசக்கும்போது இழைகள் அச்செதில்களின் சாய்வினால் ஒரு திசையிலேயே நகரும், மீளமாட்டா. அவ்வாறு சிக்கி இறுகுவதே சுருக்கம். வெப்பமும் காரமும் துணைசெய்வன, கசக்குதலே முதற்காரணம். பின்னலாடை தளர்ந்த கண்ணிகளை உடையதாதலின், நெய்த துணியைக் காட்டிலும் அதில் இழைகள் நகர இடம் மிகுதி.

இனி, உடனே கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றுண்டு. இரத்தக் கறை, முட்டைக் கறை ஆகியனவும் புரதமே. அவற்றை நீக்கும்பொருட்டுப் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களைச் சலவைத் தூள்கள் பலவற்றிற் சேர்ப்பர். ஜேர்மனியில் ஓட்டோ றோம் என்பார் விலங்கின் சதையியிலிருந்து பெற்ற நொதியத்தை 1913 இலேயே இதற்குப் பயன்படுத்த முற்பட்டார்; 1960களில் பற்றீரியாவிலிருந்து பெற்ற நொதியங்கள் பரவலாயின. கறையின் புரதம் இது, ஆடையின் புரதம் இது என்று நொதியம் பகுத்தறியுமா? கெரற்றினை இறுகக் கட்டியிருப்பன கந்தகப் பிணைப்புக்கள். அவை உறுதியாயிருக்கும்வரை நொதியம் எளிதில் உட்புகாது. ஆனால் தூளிலுள்ள காரம் அப்பிணைப்புக்களைத் தளர்த்திவிடும். கம்பளி தின்னும் அந்துப்பூச்சியின் புழுவும் தன் குடலில் ஏறத்தாழ இம்முறையையே கையாளுகின்றது: அங்கும் காரச்சூழல், அங்கும் கந்தகப் பிணைப்பின் சிதைவு, அதனோடு நொதியத்தின் வேலை. ஒரு தோய்ப்பில் ஒன்றும் தெரியாது. பல தோய்ப்பின் பின் முழங்கையில் ஆடை மெலிந்து துளைவிழும். பழி பூச்சியின் மேலேயே விழும்!

பழைய சவர்க்காரமே நன்று என்பாருமுளர். அதுவும் காரமுடையதே. மேலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் – யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் அத்தகையது – அது கல்சியத்துடன் கூடி ஒட்டும் படிவாகி இழைகளிடையே தங்கும். வெளிற்றும் குளோரீன் நீரோ கம்பளியைக் கரைத்தேவிடும்.

ஆகவே கம்பளிக்கு ஏற்றது காரமும் நொதியமும் அற்ற நடுநிலைத் திரவமே. அதனை இளஞ்சூட்டு நீரிற் கலந்து, ஆடையைச் சிறிது நேரம் அமிழ்த்தி, கசக்காது மெல்ல அழுத்தி அலசி, முறுக்காது துவாயிற் சுற்றி நீரொற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துதல் வேண்டும். கொடியில் தொங்கவிடின் நீரின் பாரத்தால் கண்ணிகள் நீண்டு ஆடை உருக்குலையும்.