சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இல்லை, ஓட்டுகிறவருக்கு உரிமை உண்டு

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச்சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். சனி, ஞாயிறு விடியலில் கியர் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க இந்த மலையில் ஏறுகிறவர்களைப் பார்ப்பது இப்போது புதுமையில்லை. கம்பம்மெட்டு, குமுளி, ஆழியாறிலிருந்து 40 வளைவுகளில் ஏறும் வால்பாறை, 27 வளைவுகள் கொண்ட திம்பம், கூடலூர், நாடுகாணி என மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லைச் சாலைகள் பலவும் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த தடங்களாகிவிட்டன.

இவர்கள் பையில் பஞ்சர் கிட் இருக்கும், மாற்று டியூப் இருக்கும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கும். வண்டி இடித்துவிட்டால் எந்த ஊர் போலீசிடம் போவது, ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சேர்வது, வனத்துறைச் சாவடியில் எதற்குக் கட்டுப்பட வேண்டும், எதற்கு ரசீது கேட்கலாம் என்பதெல்லாம் மட்டும் பலருக்குத் தெரியாது. “சைக்கிளுக்கு லைசென்ஸா, ஆர்.சி.யா, நம்மை யார் கேட்கப் போகிறார்கள்” என்ற நினைப்பு. யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தவறு, நாம் யாரையும் கேட்க முடியாது என்பதும் தவறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால் காரோ ஜீப்போ லாரியோ மோதினால், அந்த வண்டியின் காப்பீட்டுக்கு நீங்கள் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் காப்பீடு எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் கட்டாயம். ஆக, உங்களிடம் ஒரு பாலிசியும் இல்லாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். உடைந்த சைக்கிளுக்கும் சேர்த்தே கேட்கலாம். இதே காரணத்தால் ஒரு பள்ளமும் உண்டு. ஈர வளைவில் வழுக்கி நீங்களாகவே விழுந்தால், கேட்பதற்கு எதிரே ஒரு வண்டி இல்லை. மலையில் சைக்கிள்காரர்கள் அடிபடுவதற்கு இப்படித் தனியாக விழுவதும் ஒரு பெரிய காரணம். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தருகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது உதவாது. அதற்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு வேண்டும். பத்தாயிரக்கணக்கில் சைக்கிள் வாங்குகிறவர்கள் இந்த 20 ரூபாயை மறப்பது எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

மோதல் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிகிச்சை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துகளுக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லைச் சாலையில் இங்கேதான் சிக்கல் வரும். விபத்து பூப்பாறையில், தூக்கிக்கொண்டு வந்தது தேனிக்கு என்றால், நடந்த இடம் கேரளம். அப்போது 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கேட்க வேண்டும். மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்து என்றால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை செலவை அது ஏற்கும். நாடு முழுவதும் செல்லும்.

அடுத்தது, நம் ஆட்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம். அவசரப் பிரிவில் டாக்டர் “எப்படி அடிபட்டது” என்று கேட்பார். ‘போலீஸ் கேஸ் ஆனால் அலைச்சல், ஊருக்குப் போக வேண்டும்’ என்று நினைத்து, “நானே தவறி விழுந்துட்டேன் சார்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதுதான். நான்கு மாதம் கழித்துக் காலில் போட்ட பிளேட்டுக்கான பில்லோடு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், காப்பீட்டு நிறுவன வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். என்ன வண்டி, எந்தத் திசையிலிருந்து வந்தது, நம்பர் தெரிந்தால் நம்பர், தெரியாவிட்டால் நிறம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் உடன் வந்தவர் சொல்லட்டும். வளைந்த வீல், கீறல் விழுந்த ஹெல்மெட், கிழிந்த சட்டை எதையும் தூக்கிப் போட வேண்டாம். விழுந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவையுங்கள்.

போலீஸ் விஷயத்தில் எல்லை ஒரு தடையே அல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். “அது கேரளா லிமிட்டுங்க, அங்க போய்ச் சொல்லுங்க” என்று போடியில் சொன்னாலோ, தமிழ்நாட்டுக்குப் போகச் சொல்லிக் குமுளியில் திருப்பி அனுப்பினாலோ, இந்தப் பிரிவைச் சொல்லி நின்று கேட்கலாம். ஆன்லைனில் புகார் தந்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேரளத்தில் அது மலையாளத்தில் இருக்கும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் தமிழ் தெரிந்தவர் கிடைப்பது கடினமில்லை.

இழப்பீட்டு மனுவுக்கும் மலையேறி அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனு கொடுப்பவர் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். மூணாறில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்கு நடத்தலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது. ‘காயம் ஆறட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, 48 மணி நேரத்துக்குள் தர வேண்டிய முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று காவல் துறைக்கும் கெடு உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய், நம்பரும் தெரியவில்லை என்றால், மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். ஆனால் இதற்கு மட்டும் விபத்து நடந்த வட்டத்தின் வருவாய் அதிகாரியிடம்தான் மனு செய்ய வேண்டும். தொகை குறைவு என்பது உண்மை. அதையும் கேட்காமல் விடுகிறவர்கள் ஏராளம் என்பதும் உண்மை. வக்கீலுக்குப் பணமில்லாத தகுதியுள்ளவர்களுக்கும், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

வழியில் யாரோ அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் தயங்காமல் இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இனி மலைக்கு வருவோம். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலே போகிற ஜீப்புகளும், சாயங்காலம் அதே வேகத்தில் கீழே இறங்குகிற ஜீப்புகளும் போடிமெட்டு, கம்பம்மெட்டு சாலைகளின் நாடித்துடிப்பு. அவற்றில் போகிறவர்கள் குறை சொல்லத்தக்கவர்கள் அல்ல, கூலிக்கு நேரத்தில் போக வேண்டியவர்கள். அந்த இரண்டு பொழுதுகளிலும் நீங்கள் வளைவில் இல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறும் சைக்கிளுக்கும் அது பொருந்தும். விதி இருக்கிறது என்பதற்காகப் பஸ்ஸோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்பகுதி வெளிப்பக்கம் வீசும், பின்சக்கரம் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு வரும். ஹார்ன் கேட்டதுமே வளைவுக்கு முன்பாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பிடிப்பு தளரும். நேர்ப்பகுதியில் அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கைத் திடீரென அமுக்கக்கூடாது. ஜூன், ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்கில் வெறும் காற்றுதான் வீசிக்கொண்டிருக்கும். மேட்டைத் தாண்டியதும் கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், சாலையோரம் பாசி பிடித்திருக்கும், மண்சரிவும் உண்டு. கீழே வெயிலாக இருக்கிறதே என்று மழைக்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

சைக்கிளின் பெருமையே சத்தமில்லாமல் போவதுதான். யானைக்காட்டில் அதுவே ஆபத்து. பைக் வரும் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், சைக்கிள் வளைவு திரும்பி இருபதடியில் நிற்கும்போதுதான் இருவருமே பார்த்துக்கொள்வார்கள். ஆகவே புதர் மண்டிய வளைவுகளில் பெல்லடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள், காதில் பாட்டு வேண்டாம். எதிரே வண்டிகள் காரணமில்லாமல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் மற்றவர்கள் நின்றிருக்க, யானையைக் கடந்துவிடலாம் என்று பைக்கில் முன்னே போன ஜெர்மானியப் பயணி ஒருவர் அதனிடம் சிக்கி இறந்தார். யானை காட்டுக்குள்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்துப் பேர்வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது.

காட்டுவழிச் சாலையில் உங்களுக்கு என்ன உரிமை? சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்று சொல்லும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே, அதன் வழியே செல்லும் பொதுச் சாலையில் கடந்துபோகிறவருக்கு விலக்கும் தருகிறது. கடந்துபோக மட்டும்தான். இறங்கி ஓடைப்பக்கம் போவதும், குரங்குக்கு பிஸ்கட் போடுவதும் குற்றம். அபராதம் விதித்தால் கட்ட வேண்டியதுதான், ரசீது கேட்பது உங்கள் உரிமை. நேரக் கட்டுப்பாட்டில் பேரம் பேசாதீர்கள். முதுமலையிலிருந்து பந்திப்பூர் போகும் தேசிய நெடுஞ்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். திம்பம் சாலையில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இரவுத் தடையை அமல்படுத்தச் சொன்னது. சாவடிக்காரர் மாலையிலேயே சைக்கிளை நிறுத்தி வைத்தாலும் அது உங்கள் உயிருக்காகத்தான். நீலகிரி, கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டிலே கொண்டுபோங்கள்.

டென்ட் போடும் ஆசை உள்ளவர்கள் 2021 ஜனவரியை நினைவில் வைக்க வேண்டும். கூடலூருக்கு அடுத்த வயநாட்டில், மேப்பாடியில் ஒரு தங்குமிடத்தின் டென்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். பணம் வாங்கிக்கொண்டு டென்ட் தருகிறார்கள் என்பதாலேயே அந்த இடம் அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. உரிமம் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கே தமிழ்நாட்டில் முறையான விதி வந்தது. சைக்கிள் பயணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், மோட்டார் இல்லாத வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எழுதப்படும் விதிகளில் மலைச்சாலை நினைவுக்கு வருமா என்பது வேறு கேள்வி.

எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டும்போது நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள். ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்தால் மீதித் தவணைகளை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

குழுவாகக் கட்டணம் வாங்கி அழைத்துப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல. அதில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. துணை வண்டி வரும் என்று சொல்லி வரவில்லை, பிரேக் தேய்ந்த சைக்கிளை வாடகைக்குக் கொடுத்தார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குச் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. முதலில் 1915-க்கு அழைத்து விவரம் கேட்கலாம். கட்டணம் அனுப்பிய ரசீதும், ‘சப்போர்ட் வண்டி உண்டு’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் போனில் இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள்.