காப்பு நூலின் கருத்து

கேதார கௌரி விரதம், புரட்டாதி மாதத்து வளர்பிறைத் தசமியிலே தொடங்கி ஐப்பசி அமாவாசையிலே நிறைவுறும் 21 நாள் நோன்பாகும். பிருங்கி முனிவர் தம்மை விலக்கிச் சிவபிரானை மட்டுமே வலம் வந்தமை கண்ட உமையம்மையார், இறைவரின் திருமேனியிற் பாதியைப் பெறவேண்டி நோற்ற நோன்பு இது என்பது புராண மரபு.

நோன்பு நோற்போர் இறுதி நாளிற் கையிற் கட்டிக்கொள்ளும் நூலுக்குக் காப்பு என்பது பெயர். அது 21 இழைகளைக் கொண்டது. நாளுக்கு ஒன்றாக 21 முடிச்சுக்கள் இடுவது மரபு. ஆடவர் வலக்கையிலும் பெண்டிர் இடக்கையிலும் அதனை அணிவர்.

தனியிழை எளிதில் அறும். இழை பல கூடி முறுகிய நூலோ எளிதில் அறாது. மனவுறுதியும் அத்தகையதே. பசியை அடக்கி, நாவைக் காத்து, 21 நாளும் வழுவாது நின்றவரின் உறுதி வலிய நூலாகின்றது. முடிச்சு ஒவ்வொன்றும் அவ்வாறு கழிந்த ஒரு நாளுக்குச் சான்றாகும்.

இக்காலத்தில் நோன்பு நோலாதாரும் ஆலயத்திற் காப்பைப் பெற்று அணிவதுண்டு. அவர்தம் பக்தியைக் குறைகூறுதல் தகாது. ஆயினும், காப்பு என்னும் சொல்லுக்குக் காத்தல் என்பதே பொருள். நூல் அணிந்தவரைக் காக்குமுன், அணிபவர் தம் விரதத்தைக் காத்தல் வேண்டும்.