பிரிவை மதிக்கும் படங்கள்

படம் பார்ப்போரில் இரு வகையினர் உண்டு. நெறியாளர் யார், ஒளிப்பதிவாளர் யார், முதல் நாள் வசூல் எவ்வளவு என்று மனப்பாடமாக ஒப்புவிப்போர் ஒரு வகையினர். இராச் சாப்பாடு முடிந்தபின், வீட்டார் எதைப் போடுகின்றனரோ அதையே அமர்ந்து பார்த்து, பிடித்தால் கண் கலங்கி, பிடிக்காவிட்டால் கொட்டாவி விட்டு எழுந்து செல்வோர் மற்றொரு வகையினர். நாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தோம். ஆகவே இங்கு நாம் சொல்லப்போவன விமர்சகரின் தீர்ப்புகள் அல்ல. சீனன்குடாவில் ஒரு வீட்டு விறாந்தையில் அமர்ந்து படம் பார்த்தோரின் அபிப்பிராயங்களே.

அண்மையில் நாம் பார்த்தவை மூன்று. 2018ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்றும் பலர் மீண்டும் மீண்டும் பார்க்கும் '96' என்ற காதற் படம். அதே நெறியாளரான பிரேம்குமார் 2024இல் தந்த 'மெய்யழகன்'. 2025 மே மாதத்தில் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. மூன்றிலும் கொடிய வில்லன் என்று சொல்லத்தக்க ஒருவன் இல்லை. கதாநாயகன் பத்துப் பேரைப் பந்தாடும் சண்டையும் இல்லை. மூன்று கதைகளும் ஒரே நிகழ்ச்சியிலிருந்தே பிறக்கின்றன: ஒரு குடும்பம் தன் ஊரை விட்டுப் போகின்றது.

சீனன்குடா வாசிகளுக்கு இது புதிய செய்தியன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் இங்கு விமானத் தளமும் எண்ணெய்க் குதங்களும் அமைத்தனர். 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, உயிர் தப்ப ஊரை விட்டோடியவர் பலர். தொழில் தேடி வந்து குடியேறியோரின் பிள்ளைகள், 1983இலும் அதன் பின்னரும் மூண்ட கலவரங்களிலும் போரிலும் மறுபடி மூட்டை கட்ட நேர்ந்தது. நம் முன்னோர் கடற்கரை நிலத்துக்கு இரங்கலையும், பாலைக்குப் பிரிவையும் உரிப்பொருளாக வகுத்தனர். இவ்வூரில் கடற்கரை ஒன்றே இருந்தும், இரண்டு உரிப்பொருளும் குறைவின்றி உண்டு! ஆதலால் பிரிவைப் பற்றிய படம் எதுவாயினும், அது பிரிவை மதிக்கின்றதா, அல்லது கண்ணீர் பிழிய அதை ஒரு கருவியாக்குகின்றதா என்பதையே நாம் முதலிற் பார்க்கின்றோம்.

சேராத காதல்

'96' படத்தின் கதையை அறியாதார் குறைவு. தஞ்சாவூர்ப் பள்ளியொன்றில் உடன் பயின்ற ராமும் ஜானுவும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். கடன் தொல்லையால் ராமின் குடும்பம் சொல்லாமற் கொள்ளாமல் ஊரை விட்டுச் செல்கின்றது. 1996ஆம் ஆண்டு அணியினர் 22 ஆண்டுகளின் பின் ஒன்றுகூடும்போதுதான் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். இடையில் ஜானுவுக்குத் திருமணமாகிக் குழந்தையும் இருக்கின்றது. ஓர் இரவு முழுவதும் பேசுகின்றனர். விடிந்ததும் அவள் சிங்கப்பூருக்குத் திரும்புகின்றாள். இவ்வளவே கதை.

இதில் எம்மைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. ராமின் மாணாக்கியர் ஜானுவை அவனுடைய மனைவி என்றெண்ணி, உங்கள் காதல் எவ்வாறு கைகூடிற்று என்று கேட்கின்றனர். அவளும் மறுக்காமல், நடவாத ஒன்றை நடந்ததுபோலவே சொல்கின்றாள். ஒரு காலத்தில் அவள் ராமைத் தேடிக் கல்லூரிக்குச் சென்றதும், வந்தவள் அவளென்றறியாமல் அவன் திருப்பி அனுப்பியதும் உண்மை. அந்த இடத்தை மட்டும் மாற்றி, அவன் ஓடிவந்து தன்னைக் கண்டதாக அவள் கூறுகின்றாள். இழந்த வாழ்வு முழுவதும் சில நிமிடப் பொய்யில் அடங்கிவிடுகின்றது. விஜய் சேதுபதியும் திரிஷாவும் அவ்விடத்தில் அழுது புரளவில்லை. அதனாலேயே பார்ப்பவர் மனம் கனக்கின்றது.

குறை இல்லையோ எனின், உண்டு. சிங்கப்பூரிலுள்ள கணவனுக்குக் கதையில் ஏறக்குறைய இடமே இல்லை. பிரிந்த இருவரின் துயரம் சொல்லப்படுகின்றது; உடனிருந்தும் மனைவியின் உள்ளத்தை முழுதாய் அறியாத மூன்றாமவரின் துயரத்தை எவரும் கேட்கவில்லை. மாணவர்கள் இப்படத்தைப் பார்த்துவிட்டுக் காதலின் பெருமையைப் பேசுவது நன்று. அந்த மூன்றாமவரையும் ஒரு கணம் நினைப்பது இன்னும் நன்று.

பெயர் மறந்த உறவு

'மெய்யழகன்' காதற் படமன்று, உறவின் படம். உறவினரோடு ஏற்பட்ட சொத்துத் தகராற்றில் பூர்வீக வீட்டை இழந்து, 1996இல் தஞ்சையை விட்டுச் சென்னைக்குச் சென்ற அருள்மொழி, 22 ஆண்டுகளின் பின் தங்கையொருத்தியின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகின்றான். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் அன்பைப் பொழிகின்றான். அவன் யாரென்றும் பெயர் என்னவென்றும் அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் நாணம். அரவிந்த் சுவாமியும் கார்த்தியும் இதனை நடித்திருக்கும் விதம் பாராட்டுக்குரியது.

பெயரை மறந்த நாணம் சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பல ஆண்டுகளின் பின் சீனன்குடாப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். எதிரே வந்து கையைப் பற்றிக்கொண்டு 'எப்ப வந்தனீங்கள், அண்ணே?' என்று கேட்பவரின் பெயர் நாவில் வராமல் அவர் படும் அவதி கொஞ்சமன்று. போனவர் மறந்துவிடுகின்றார், இருந்தவர் மறப்பதில்லை. பிரிவைப் பற்றிய இந்த உண்மையை இவ்வளவு மென்மையாகச் சொன்ன தமிழ்ப் படம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

எனினும் இரவில் அவ்விருவரும் பேசும் பேச்சு நீண்டுகொண்டே போகின்றது. சோழர் புகழ், சல்லிக்கட்டு, ஈழப் போர் என்று பலவும் வருகின்றன. படம் வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடக் காட்சிகள் குறைக்கப்பட்டன. நம் துயரத்தைப் பிறர் பேசக் கேட்பது ஆறுதல்தான். ஆயினும், அருள்மொழியின் வீடு விட்டுச்சென்ற பழைய சைக்கிள் ஒன்று மற்றவனின் குடும்பத்தை வாழவைத்த கதை மனத்திற் பதிந்த அளவுக்கு அந்த நீண்ட பேச்சு பதியவில்லை. பொருள் பேசும் இடத்தில் மனிதர் சற்று வாய் மூடி இருத்தல் நலம்.

ஒளித்து வைத்த பேச்சு

மூன்றாவது படம் நம்மைப் பற்றியது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறி இராமேசுவரத்தில் இறங்கும் தர்மதாசும் வசந்தியும் இரு பையன்களும், சென்னையில் தம் அடையாளத்தை மறைத்து வாழ்கின்றனர். இலங்கைத் தமிழ் பேசினால் அகப்பட்டுக்கொள்வீர்கள் என்று வசந்தியின் தமையன் எச்சரிக்கின்றான். அபிஷன் ஜீவிந்த் நெறிப்படுத்திய இப்படத்தில் சசிகுமாரும் சிம்ரனும் மனத்தை நிறைக்கின்றனர். ஒருவரையொருவர் அறியாது வாழ்ந்த குடியிருப்பு மக்களைத் தர்மதாசு ஒரு மூதாட்டியின் இறுதிச் சடங்கில் ஒன்றுசேர்க்கும் காட்சி, அயலவர் என்ற சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும். முடிவில் அக்குடியிருப்பினர் யாவரும் நம் பேச்சைப் பேசி அக்குடும்பத்தைக் காப்பாற்ற முனைகையில், எம் வீட்டில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் எழுந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. 2022 மார்ச்சு முதல், நெருக்கடி தாங்காது தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய நம்மவர்க்குச் சென்னையில் வீடு கிடைக்கவில்லை. மண்டபம் முகாமே கிடைத்தது. 1983 முதல் சென்றோரின் குடும்பங்கள் பல, தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தலைமுறைகளைக் கழித்துள்ளன. படம் பார்த்துச் சிரித்த வாய் அவர்களையும் பேச வேண்டும். மேலும், படத்தில் ஒலிப்பது இலங்கைத் தமிழின் ஒரு சாயலே. யாழ்ப்பாணத்தார் பேச்சு வேறு, மட்டக்களப்பார் பேச்சு வேறு, திருகோணமலையார் பேச்சு வேறு என்பதை அண்டை நாட்டார் அறியாதது வியப்பன்று. அதனை அறிவிக்க வேண்டியவர் நாமே.

அவ்வாறு அறிவித்தோரும் உண்டு. தர்மசேன பத்திராஜ 1977இல் 'பொன்மணி' என்ற படத்தில் யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் ஒளிவின்றிக் காட்டினார். செங்கை ஆழியானின் நாவல் 1978இல் 'வாடைக்காற்று' என்ற படமாகி, நம் கடற்றொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அன்று இலட்சக்கணக்கில் முதல் வேண்டியிருந்தது. இன்று மாணவர் கையிலிருக்கும் கைத்தொலைபேசியே படக்கருவியாகின்றது.

ஆகவே, மாணவ நேயர்களே, இம்மூன்று படங்களையும் பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, உங்கள் பாட்டனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்களோடு படித்தவர்களில் ஊரை விட்டுப் போனவர் யார், யார்?' அவர் சொல்லும் மறுமொழி இம்மூன்று படங்களினும் நீண்டதாக இருக்கும். அதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டியாரக் குடாவின் கதை இன்னும் திரைக்கு வரவில்லை. அதனை எழுத வேண்டியவர் வேறு எங்கிருந்தும் வரப்போவதில்லை.