அடுக்கு ராக்கெட்டும் ஒரு மீனவக் கிராமமும்



பீடோங், குரூண் வட்டாரத்தில் வாழும் நமக்குக் குனோங் ஜெராய் மலை அன்றாடக் காட்சி. அதன் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். அதைப்போல் 160 மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் வீசும் காற்றை எப்படி அறிவது? அங்கே விமானம் பறக்காது, பலூனும் எட்டாது. ராக்கெட் ஒன்றே போகும். அப்படிப் போய் ஆராய்ந்துவிட்டுக் கீழே விழுவதை ஆய்வு ராக்கெட் என்கிறோம்.

ஆனால், எரிபொருள் தீர்ந்த ராக்கெட்டின் கூடு வெறும் பாரம். இரண்டு குடம் தண்ணீருடன் ஒருவர் மலையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் காலியானதும் அதை வழியிலேயே வைத்துவிட்டால் மீதி ஏற்றம் எளிதாகும் அல்லவா? அடுக்கு ராக்கெட்டின் இரகசியமும் இதுதான். கீழடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழும். அது கொடுத்த வேகத்தோடு மேலடுக்கு பற்றிக்கொண்டு மேலும் விரைந்து பாயும்.

1949 பிப்ரவரி 24-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஜெர்மானியர் உருவாக்கிய வி-2 ராக்கெட்டின் தலையில் சிறிய ராக்கெட் ஒன்றைப் பொருத்தி ஏவினார்கள். தனித்தனியே எட்ட முடியாத உயரத்தை இரண்டும் சேர்ந்து எட்டின. மேலடுக்கு சுமார் 390 கிலோமீட்டர் சென்றது.

இந்தியாவில் இந்த முயற்சி கேரளக் கடற்கரையில், தும்பாவில் தொடங்கியது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே சென்றதால், டாக்டர் விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் மீனவர் வீடுகளும் இருந்தன. 1962-இல் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா எடுத்துக் கூற, மக்கள் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தார்கள். அந்தத் தேவாலயமே முதல் பட்டறை ஆயிற்று.

1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கே பூட்டப்பட்டது அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி என்னும் இரண்டடுக்கு ராக்கெட். அந்தப் பொறுப்பில் இருந்தவர்களுள் இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகன் அப்துல் கலாமும் ஒருவர். ஏவுமேடையில் ஏற்றும் வேளையில் பாரந்தூக்கியில் கசிவு. மாலையோ நெருங்கிவிட்டது. எல்லாரும் கைகொடுத்து ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தி வானில் அது வெளியிட்ட சோடிய ஆவி, செம்மஞ்சள் மேகமாகப் படர்ந்தது. அந்த மேகம் நகர்வதைப் படமெடுத்து மேற்காற்றின் திசையையும் வேகத்தையும் கணித்தார்கள்.

17 ஆண்டுகளுக்குள், 1980 ஜூலை 18-இல், இந்தியாவே செய்த நான்கடுக்கு ராக்கெட் ரோகிணி துணைக்கோளை வானில் நிறுத்தியது. அதற்குத் தலைமை தாங்கியவர் அதே கலாம்.

தோட்டம் கைமாறி, பிறந்த லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இடம்பெயர்தலின் வலி நமக்குப் புதிதல்ல. கீழடுக்கைக் கடலில் விழவிடலாம். உயர்வுக்கு இடம்கொடுத்த மக்களை அப்படி விட்டுவிடலாகாது. தும்பாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கலாமின் பெயரோடு அந்த மீனவர்களையும் சேர்த்தே சொல்வோம்.