ஒரு லிட்டர் பெட்ரோலும் உங்கள் கார்பன் தடமும்

கட்டுரைக்குச் சுற்றுச்சூழல் தலைப்பு வந்தால் போதும், "வாகனப் புகை உலகை வெப்பமாக்குகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிடுறோம். எவ்வளவு புகை? யாருடைய புகை? இதற்குப் பதில் சொல்வதுதான் கார்பன் தடம். நம் செயல்களால் வெளியாகி, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களின் மொத்த அளவே அது. பயணத்தில் பெரும்பங்கு கரிவளிக்குத்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. ஆனா, அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரிவளி வெளிவரும். எப்படி? பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கரிம அணுவும் காற்றிலிருந்து 2 உயிர்வளி அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கரிமம் 44 பங்கு எடையுள்ள கரிவளியாகிறது.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். பள்ளி 10 கிலோமீட்டர் தூரம், போய்வர 20. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 1.6 லிட்டர் செலவு. கரிவளி ஏறக்குறைய 3.7 கிலோ. நான்கு பேர் சேர்ந்து போனால் தலைக்கு 0.9 கிலோதான். 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடிக்கும் சின்ன மோட்டார் சைக்கிளில் ஒருவர் போனாலும் அதே 0.9 கிலோ. ஆக, எந்த வாகனம் என்பதோடு, எத்தனை பேர் என்பதையும் பாருங்க. இன்னொன்று: அப்பா உங்களை இறக்கிவிட்டு வீடு திரும்பி, மாலையில் மறுபடி வந்தால் கார் ஓடுவது 20 அல்ல, 40 கிலோமீட்டர்!

எல்.ஆர்.டி.க்குப் புகைக்குழாய் இல்லை. ஆனாலும் அதன் தடம் சுழியம் அல்ல. தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்தே வருகிறது. அந்தச் சுமையைப் பலநூறு பயணிகள் பகிர்ந்துகொள்வதால்தான் தலைக்கு விழும் பங்கு குறைகிறது.

சரி, பஸ்ஸே வராத தோட்டத்தில் இருப்பவரிடம் "பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்து" என்றால் அவர் என்ன செய்வார்? தனிமனிதர் கடமையை எழுதும்போது, பஸ் தடமும் நிழலான நடைபாதையும் அமைக்க வேண்டியவர்களின் கடமையையும் சேர்த்து எழுதுங்க. அப்போதுதான் கருத்து முழுமை பெறும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடவடிக்கை: மாணவர்கள் ஒரு வாரப் பயணத்தின் தூரம், வாகனம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தரட்டும். வகுப்பின் மொத்தத்தை மட்டும் கரும்பலகையில் கணக்கிடுங்கள். யார் வீட்டில் என்ன கார் என்பது நமக்கு வேண்டாம். மொத்தத்தை எப்படிக் குறைக்கலாம் என்பதே கேள்வி. அதற்கு மாணவர்கள் சொல்லும் பதில்களே கட்டுரைக்கான கருத்துகள்.