கர்சர் ஏன் துள்ளுகிறது?

வீட்டு வரியைக் குறைக்கக் கோரி ஒரு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். ‘மேற்படி முகவரியில்’ என்று முடித்து நிமிர்ந்தால், ‘முகவரியில்’ பாதியாக ஒடிந்து, நான்கு வரிக்கு மேலே ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தது. வலது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு டச்பேடின் ஓரத்தை லேசாக உரசியிருக்கிறது. லேப்டாப் அதைக் கிளிக் என்று எடுத்துக்கொண்டு, திரையில் அம்புக்குறி நின்ற இடத்துக்குக் கர்சரைத் தூக்கிப் போட்டுவிட்டது.

கை பழகவில்லை என்று நம்மை நாமே கடிந்துகொள்கிறோம். கையை வைப்பதற்கென்று விட்ட இடத்திலேயே, தொட்டால் வேலை செய்யும் தகட்டைப் பதித்தது ஏன் என்று கேட்பதில்லை.

இடம் வந்த கதை

தொடக்ககால லேப்டாப்புகள் பலவற்றில் விசைப்பலகை முன் விளிம்பை ஒட்டியே இருந்தது. 1991இல் ஆப்பிள் வெளியிட்ட பவர்புக், விசைப்பலகையைத் திரைப் பக்கம் தள்ளி, முன்னால் உள்ளங்கைக்கு இடம் விட்டது. நடுவில் டிராக்பால் என்ற உருளும் பந்து. அழுக்கு சேர்ந்தால் அது மக்கர் செய்யும். ஆனால், லேசான உரசலுக்கெல்லாம் கிளிக் ஆகாது. 1994இல் வந்த பவர்புக் 500 வரிசையில் பந்து போய் டச்பேட் வந்தது. அப்போது அது சிறியது. பின்னர் அது வளர வளர, உள்ளங்கைக்கான இடம் சுருங்கியது.

தகட்டுக்குத் தெரிவது என்ன?

டச்பேடின் அடியில் வரைபடத்தாள் கட்டங்களைப் போல மெல்லிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நம் உடலும் மின்கடத்திதான். விரல் நெருங்கினால் அந்த இடத்து மின்தேக்கத்தின் அளவு மாறும். நொடிக்குப் பல பத்து முறை இதை அளந்து, விரல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சிப் கணக்கிடுகிறது.

மாற்றம் சிறு வட்டத்தில் இருந்தால் விரல். அகலமாகப் பரவினால் உள்ளங்கை. இதுதான் அடிப்படைக் கணக்கு. உள்ளங்கையின் ஓரம் மட்டும் பட்டால் அதுவும் சிறு வட்டம்தான். அங்கே கணக்கு ஏமாறுகிறது. இதைச் சமாளிக்க, விசையை அழுத்தியதும் டச்பேடைக் கொஞ்ச நேரம் மென்பொருள் செயலிழக்க வைக்கிறது. அந்த நேரம் குறைந்தால் கர்சர் துள்ளும்; கூடினால், அவசரமாக விரலை நகர்த்தும்போது தகடு மரக்கட்டையாகக் கிடக்கும். எல்லோர் கைக்கும் பொருந்தும் அளவு கிடையாது.

வியர்வையும் ஈரமும் இந்தக் கணக்கை மேலும் குழப்பும். சார்ஜர் தரமற்றதாக இருந்தாலோ, பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாவிட்டாலோ மின் இரைச்சல் நுழைந்து அம்புக்குறி நடுங்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் நடுக்கம் நின்றால் பழுது டச்பேடில் இல்லை.

பட்டன் போன பிறகு

முன்பு டச்பேடுக்குக் கீழே இரண்டு பட்டன்கள் தனியாக இருக்கும். கண்ணால் பார்க்காமலே விரல் அவற்றைக் கண்டுபிடித்துவிடும். 2008இல் ஆப்பிள் தகட்டையே பட்டனாக்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். இத்தகைய தகட்டுக்குப் பெரும்பாலும் மேல் விளிம்பில்தான் கீல். கதவைக் கீல் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு கனக்கிறது! டச்பேடின் மேல் பகுதியில் கிளிக் செய்வதும் அப்படித்தான். வலது கிளிக்குக்கு எல்லை எங்கே என்று விரலுக்குத் தெரியாது. அழுத்தும்போது விரல் சற்றே உருள, குறி தப்பிவிடும்.

அம்புக்குறியை நகர்த்த, உள்ளங்கைச் சிக்கலே இல்லாத ஒரு கருவியும் உண்டு. திங்க்பேட் லேப்டாப் விசைப்பலகையின் நடுவே இருக்கும் சிவப்புக் குமிழ், ஐபிஎம்மில் டெட் செல்கர் உருவாக்கியது. 1992இல் திங்க்பேட் 700சியில் வந்தது. கையை விசைப்பலகையிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஆனால், பழக நாளாகும். சில சமயம் தொடாமலே அம்புக்குறி ஒரு பக்கமாக நகரும். திங்க்பேடைப் பின்னர் வாங்கிய லெனோவா, 2013இல் டி440 மாடலில் இந்தக் குமிழுக்கான தனிப் பட்டன்களை எடுத்துவிட்டுத் தகட்டுக்குள்ளேயே சேர்த்தது. பயனாளர்கள் கொதித்தனர். 2015இல் டி450 மாடலில் பட்டன்கள் திரும்பிவந்தன.

அதே 2015இல் ஆப்பிள் கீலையே ஒழித்தது. உணரிகள் அழுத்தத்தை அளக்கும். மின்காந்தம் தகட்டை நுட்பமாக உலுக்கி ‘கிளிக்’ உணர்வைத் தரும். கணினியை அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் வெறும் கண்ணாடிதான், அசையாது.

நாம் செய்யக்கூடியது

முதல் வேலை, தட்டினால் கிளிக் ஆகும் வசதியை அணைப்பது. உள்ளங்கை உரசினால் அம்புக்குறி நகரலாம். எழுத்து இடம் மாறாது. விண்டோஸ் 10, 11 அமைப்புகளில் டச்பேடின் உணர்திறனைக் குறைக்கலாம். மவுஸ் செருகியதும் டச்பேட் அணையும்படியும் வைக்கலாம்.

புதிதாக வாங்குவோர் கடையில் ராம், பிராசசர் என்று விசாரிப்பதோடு நிற்க வேண்டாம். எஃப், ஜே விசைகளில் ஆள்காட்டி விரல்களை வைத்துக் கைகளைத் தளரவிடுங்கள். எண் விசைகள் தனியாக உள்ள மாடல்களில் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். டச்பேடும் அவற்றுக்கு நேர் கீழே ஒதுங்கியிருந்தால் நல்லது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதை நட்டநடுவில் வைத்திருந்தால், உங்கள் வலது உள்ளங்கை சரியாக அதன்மேல்தான் படுத்திருக்கும்.