நுண்மதியும் புலமைப்பரிசிலும்: யாழ்ப்பாணப் பிள்ளையின் ஆற்றலை அளத்தல் பற்றிய ஓர் உளவியல் நோக்கு

மனித ஆற்றலை எண்ணால் அளந்துவிட முடியுமா என்பது கல்வி உளவியலில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் இது வெறும் ஏட்டு வினாவன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவரும் நாளில், பத்து வயதுப் பிள்ளைகள் 'கெட்டிக்காரர்', 'மற்றையோர்' என இரு கூறாகப் பிரிக்கப்படுகின்றனர். வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டோரின் படங்கள் பாடசாலை வாயிலில் பதாகைகளாகத் தொங்குகின்றன. கீழ்ப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்புடன் வீடு செல்கிறது. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் அறிவியல் அடிப்படை உடையது என்பதை நுண்மதி, புலக்காட்சி, ஆக்கத்திறன், சமூக நடத்தை ஆகியன பற்றிய ஆய்வுகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரீட்சையும் அதன் சமூகப் பின்னணியும்

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வியும் மத்திய பாடசாலைகளும் உருப்பெற்றன. கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலையில் கற்பதற்குப் பொருளுதவி வழங்கும் முற்போக்கான ஏற்பாடாகவே புலமைப்பரிசிலும் அன்று தோன்றியது. அதன் பயனாகக் கல்வியில் உயர்ந்தோர் பலர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும், காலப்போக்கில் இப்பரீட்சையின் பணி மாறியது. பொருளுதவி பின்னுக்குச் சென்று, பெயர்பெற்ற பாடசாலைகளில் ஆறாந் தரத்துக்கு இடம்பெறும் போட்டி முன்னுக்கு வந்தது. இன்று நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் இதற்குத் தோற்றுகின்றனர். இரு வினாத்தாள்களுள் ஒன்று பெரும்பாலும் நுண்மதிசார் வினாக்களால் ஆனது. உருவத் தொடர்களை நிரப்புதல், பொருந்தாததை நீக்குதல், ஒப்புமை காணல் முதலியன அவற்றுள் அடங்கும்.

யாழ்ப்பாணச் சமூகத்தில் பரீட்சை பெற்ற தனி மதிப்புக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. ஆறுகளற்ற, கிணற்று நீரை நம்பிய இவ்வறண்ட நிலத்தில், மத்தியதர வகுப்பின் வளர்ச்சி பெரிதும் கல்வியையும் அதன்வழி வரும் உத்தியோகத்தையும் சார்ந்திருந்தது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் இவ்வரலாற்றின் தொடக்கக் கட்டங்களாகும். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி அச்சமூகத்தின் உளப்பாங்கை நன்கு உணர்த்தும். அதே சமூகத்தில், 1930ஆம் ஆண்டளவில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சம ஆசனம் வழங்குவதற்கே கடும் எதிர்ப்பு எழுந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே, கல்விப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியதில்லை.

2. நுண்மதி அளவீட்டின் வரலாறு

பாடசாலையில் பின்தங்கிய பிள்ளைகளை இனங்காணும் பணி 1904இல் பிரெஞ்சு அரசினால் அல்பிரட் பினே அங்கம் வகித்த ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவாக, 1905இல் பினேயும் தியோடர் சிமோனும் முப்பது உருப்படிகள் கொண்ட முதல் நுண்மதி அளவுகோலை வெளியிட்டனர். தனி உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிவதே அவ்வளவுகோலின் குறிக்கோள். நுண்மதி மாறாதது என்ற கருத்தை 1909இல் வெளியான தமது நூலில் பினே வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியாலும் முறையான கற்பித்தலாலும் அதனை வளர்க்கலாம் என்பதே அவரது கொள்கை.

பினே 1911இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே வில்லியம் ஸ்ரேர்ண் உளவயதைக் கால வயதால் வகுக்கும் ஈவை முன்மொழிந்தார். 1916இல் அமெரிக்காவில் லூயிஸ் ரேர்மன் அவ்வீவை நூறாற் பெருக்கி 'நுண்மதி ஈவு' என்னும் எண்ணைப் பரப்பினார். உதவி தேவைப்படுவோரைக் காணும் கருவி, பிறவித் தகுதியை நிரைப்படுத்தும் கருவியாயிற்று. பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தையடுத்துப் பரவலாகிய பதினொரு வயதுத் தெரிவுப் பரீட்சைக்குக் கருத்தியல் அடித்தளம் அமைத்தோருள் சிறில் பேர்ட் முக்கியமானவர். நுண்மதி பெரிதும் பரம்பரையால் வருவது என்பதற்கு, பிரித்து வளர்க்கப்பட்ட ஒத்த இரட்டையர் பற்றிய தமது தரவுகளை அவர் சான்றாகக் காட்டினார். அவர் இறந்தபின், 1974இல் லியோன் கமின் அத்தரவுகளின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குட்படுத்தினார். 1979இல் பேர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேர்ன்ஷோவும் அவை புனையப்பட்டவை என்ற முடிவுக்கே வந்தார். அம்முடிவு பின்னர் விவாதிக்கப்பட்டதாயினும், அத்தரவுகளை ஆய்வாளர் இன்று சான்றாகக் கொள்வதில்லை.

பரம்பரைக்கு நுண்மதியில் பங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. சூழலின் பங்கு எத்துணைப் பெரிது என்பதை ஜேம்ஸ் பிளின் காட்டினார். 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கரின் சராசரி நுண்மதிப் புள்ளி ஏறத்தாழ 14 புள்ளிகளால் உயர்ந்துள்ளதென அவர் 1984இல் கணித்தார். அரை நூற்றாண்டுக்குள் ஒரு மக்கட் கூட்டத்தின் மரபணுக்கள் அவ்வளவு மாறா. மாறியவை கல்வியும் உணவும் வாழ்க்கை முறையுமாகும்.

நுண்மதி வினாக்களுக்குப் பயிற்சியளிக்க முடியாது என்ற எண்ணமும் தவறானது. பழக்கத்தாலும் பயிற்றலாலும் இத்தகைய சோதனைகளின் புள்ளிகள் கணிசமாக உயரும் என்பதைப் பதினொரு வயதுப் பரீட்சை தொடர்பாக 1950களில் பிலிப் வேர்னன் முதலியோர் எடுத்துக்காட்டினர். யாழ்ப்பாணத்தின் தனியார் கல்வி நிலையங்களும் மாதிரி வினாத்தாள் வணிகமும் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றன. பணம் செலுத்திப் பெறக்கூடிய ஒன்றைப் பிறவி ஆற்றல் எனக் கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாது.

3. புலக்காட்சியும் அனுபவமும்

நாம் காண்பன யாவும் கண்ணால் மட்டும் காணப்படுவன அல்ல. அனுபவமும் மொழியும் கல்வியும் புலக்காட்சியை ஒழுங்கமைக்கின்றன. 1931, 1932ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் ஏ. ஆர். லூரியா உஸ்பெக்கிஸ்தானில் நடத்திய ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். சுத்தியல், வாள், கோடரி, மரக்குற்றி ஆகிய நான்கனுள் பொருந்தாதது எது எனக் கேட்டபோது, எழுத்தறிவற்ற உழவர்கள் எதனையும் விலக்க மறுத்தனர். குற்றி இல்லாமல் வாளுக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்பது அவர்களது நியாயம். சிறிது காலமே கல்வி பெற்றவர்களோ 'கருவிகள்' என்ற வகுப்பை எளிதில் அமைத்தனர். உழவரிடம் சிந்தனை குறைந்திருக்கவில்லை; அவர்கள் பொருள்களை உழைப்பின் தொடர்பு கொண்டு வகுத்தனர். வினாத்தாள் எதிர்பார்ப்பது பாடசாலை கற்பிக்கும் வகுப்பு முறையை மட்டுமே.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து சிறுவரை ஆராய்ந்த கரேகர், ஷ்லீமன் குழுவினர் 1985இல் வெளியிட்ட முடிவும் இதனையொத்ததே. வியாபாரத்தின்போது கேட்கப்பட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடை கூறிய அச்சிறுவர், அதே கணக்குகள் வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது 37 சதவீதத்துக்கே சரியாக விடையளித்தனர்.

இவற்றின் ஒளியில் நமது பிள்ளைகளை நோக்குதல் வேண்டும். குருநகரிலோ நெடுந்தீவிலோ கடற்றொழிலாளர் வீட்டிற் பிறந்த பிள்ளை சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுகளைப் பிரித்தறிந்து, எக்காற்றில் எத்தொழில் என்பதையும் கூறவல்லது. பனங்கூடலில் வளரும் பிள்ளை நுங்கு, பனம்பழம், கிழங்கு, ஒடியல் என ஒரு மரத்தின் பயன்களைப் பருவ ஒழுங்கில் அறியும். சந்தையில் தாய்க்குத் துணையிருக்கும் பிள்ளை மிச்சக் காசைத் தாளின்றிக் கணக்கிடும். இவையும் வகைப்படுத்தல், தொடர்புகாணல், கணித்தல் ஆகிய உளச் செயல்களே. ஆயினும், வினாத்தாளில் இவற்றுக்குப் புள்ளி இல்லை.

4. ஆக்கத்திறன்

1950இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைமையுரையில் ஜே. பி. கில்போர்ட் ஆக்கத்திறன் பற்றிய ஆய்வின் வறுமையைச் சுட்டிக்காட்டினார். ஒரே சரியான விடையை நோக்கிச் செல்லும் குவிசிந்தனை வேறு, பல விடைகளைத் தேடிச் செல்லும் விரிசிந்தனை வேறு என்பது அவரது கோட்பாடு. நுண்மதிச் சோதனைகள் பெரிதும் முதலாவதையே அளக்கின்றன.

கெற்சல்ஸ், ஜாக்சன் ஆகியோர் 1962இல் வெளியிட்ட ஆய்வில், நுண்மதிப் புள்ளி மிக உயர்ந்த மாணவரும் ஆக்கத்திறன் மிக உயர்ந்த மாணவரும் பாடங்களில் ஒத்த தேர்ச்சி பெற்றிருந்தனர். ஆயினும் ஆசிரியர்கள் விரும்பியது முதற் குழுவினரையே. 1965இல் வலாக், கோகன் ஆகியோர் 151 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். நேரக் கட்டுப்பாடும் பரீட்சை அச்சமும் அற்ற விளையாட்டுச் சூழலில் அளந்தபோது, ஆக்கத்திறன் நுண்மதியோடு பெரிதும் தொடர்பற்றதாக அமைந்தது. நமது பரீட்சையோ அதே வயதுப் பிள்ளையை மணிக்கூட்டின் முன் இருத்துகிறது.

ஆக்கத்திறன் எத்தகைய சூழலில் மலரும் என்பதற்கு அயலிலேயே சான்றுண்டு. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலையொட்டி நடைபெறும் பட்டப்போட்டியில், கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம் முதலிய பழைய வடிவங்களோடு புதிய பொறிமுறைகளும் வானேறுகின்றன. பட்டம் கட்டும் சிறுவன் வாடைக்காற்றின் வேகத்துக்கேற்ப முச்சையின் நீளத்தை மாற்றுகிறான். விண் கூவாவிடின் நாரின் இறுக்கத்தைத் திருத்துகிறான். பட்டம் ஒரு பக்கம் சரிந்தால் வாலைக் கூட்டுகிறான். கருதுகோள், சோதனை, திருத்தம் என்ற அறிவியல் முறையின் மூன்று படிகளும் இங்குள்ளன. தோல்விக்குத் தண்டனை இல்லை என்பதே இச்சூழலின் சிறப்பு.

5. விளையாட்டும் சமூக நடத்தையும்

பிள்ளையின் சமூக நடத்தை உபதேசத்தால் மட்டும் உருவாவதில்லை. சுவிற்சர்லாந்துச் சிறுவர் மாபிள் விளையாடுவதை அவதானித்த பியாஜே தமது முடிவுகளை 1932இல் வெளியிட்டார். இளம் பிள்ளைகள் விதிகளை மூத்தோர் வகுத்த மாற்றவியலாக் கட்டளைகளாகக் கருதுகின்றனர். ஏறத்தாழப் பத்து வயதளவில்தான் விதி என்பது பங்குகொள்வோரின் உடன்பாடு என்ற உணர்வு தோன்றுகின்றது. நீதி, ஒத்துழைப்பு ஆகிய கருத்துகள் சமவயதினருடன் வாதிட்டு இணங்குவதன் வழியே வளர்கின்றன என்பது அவர் கண்ட உண்மை.

கிளித்தட்டு இதற்கு நல்ல களமாகும். கோடு மிதிபட்டதா, கை பட்டதா என்ற பிணக்கை மத்தியஸ்தர் இன்றியே பிள்ளைகள் தீர்த்துக்கொள்கின்றனர். தீர்க்காவிடின் விளையாட்டு நின்றுவிடும் என்பதை அவர்கள் அறிவர். பியாஜே சுட்டிய அப்பத்து வயதில்தான் நமது பிள்ளைகள் மாலை வேளைகளையும் வார இறுதிகளையும் தனியார் வகுப்புகளில் கழிக்கின்றனர். அங்கு பக்கத்தில் இருக்கும் பிள்ளை தோழன் அல்லன், போட்டியாளன். கூட்டுவாழ்வின் பயிற்சியை இழந்த தலைமுறை அதன் விலையைப் பின்னர் செலுத்த நேரிடும்.

6. போரின் வடு

இப்பிரதேசத்தின் பிள்ளைகளை அளக்கும் எவரும் போரை மறத்தலாகாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைத் தாக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் ஈழத்தமிழர் உள்ளங்களில் விட்டுச்சென்ற வடுக்களை 1998இல் வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து தோமஸ் எல்பேர்ட் குழுவினர் 2009இல் வெளியிட்ட அறிக்கை, 92 சதவீதமானோர் குண்டுவீச்சு, உறவினர் மரணம் போன்ற கொடிய நிகழ்வுகளுக்கு உள்ளானவர்கள் என்றும், நான்கில் ஒருவரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் காணப்பட்டதென்றும் கூறுகிறது. அப்பிள்ளைகளின் நினைவாற்றலும் பாடசாலைப் புள்ளிகளும் பாதிக்கப்பட்டிருந்தன. அவர்கள் பிறரிடமிருந்து ஒதுங்கியும் இருந்தனர். அன்று அவர்கள் பெற்ற குறைந்த புள்ளி நுண்மதியின் குறைவைக் காட்டியதா, நாட்டின் வரலாற்றைக் காட்டியதா என்பதைப் பரீட்சை பிரித்தறியாது. போர் 2009இல் முடிந்தது. அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்ட நிலையில், அவர்தம் இல்லங்களின் வறுமையும் அமைதியின்மையும் அடுத்த தலைமுறையின் புள்ளிகளிலும் புகக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஐந்தாந் தரப் பரீட்சையின் புள்ளி பிள்ளையின் ஆற்றலை மட்டுமன்றி, அது பெற்ற பயிற்சியையும் வீட்டின் வர்க்கநிலையையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டாவது, ஆக்கத்திறனும் ஒத்துழைப்பும் அனுபவ அறிவும் இவ்வளவீட்டுக்குப் புறத்தே நிற்கின்றன. மூன்றாவது, அவற்றை வளர்க்கும் விளையாட்டையும் ஓய்வையும் இப்பரீட்சைக்கான ஆயத்தமே விழுங்கிவிடுகிறது.

ஏழைப் பிள்ளைக்குரிய பொருளுதவி தொடரவேண்டும். அதனை வறுமையின் அடிப்படையில் வழங்கலாம். கிராமப் பாடசாலைகளை வளப்படுத்துவதே பெயர்பெற்ற பாடசாலைகளுக்கான போட்டியைத் தணிக்கும் நிலையான வழி. சோதனைகளை ஒழிக்க வேண்டியதில்லை. எப்பிள்ளைக்கு எவ்விடத்தில் உதவி தேவை எனக் காட்டும் கருவிகளாக அவற்றைப் பயன்படுத்தலாம். பினே 1905இல் கருதியதும் அதுவே. அதுவரையில், வெட்டுப்புள்ளிக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் அப்பிள்ளையின் அறிவைப் பற்றி எத்தீர்ப்பும் கூறாதிருப்பது ஆசிரியரதும் பெற்றோரதும் கடமையாகும்.